மூன்றாம் பக்கத்தில் ஒரு நீச்சல் குளம்

கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோதும் அதில் நீச்சல் என்றுதான் இருந்தது.

‘தாங்கள் விண்ணப்பித்தபடி, இருபத்திரண்டு குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையில் நீச்சல் பயிற்சி அளிக்க நிதி ஒப்புதல் வழங்கப்படுகிறது.’ கீழே முத்திரை. பக்கத்தில் அழகான கையெழுத்து. ஒரு குறையும் சொல்ல முடியாத கடிதம். ஜெராக்ஸ் அக்கா கேட்டிருந்தது ஓவியமும் காகிதப் பூவும் என்பதுதான் ஒரே சிக்கல்.

"நீச்சலா!" என்றார் அவள் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்ப மாட்டார். கடிதத்தை வாங்கி அவரும் இரண்டு தடவை படித்தார். "நம்ம ஏரியாவுல குளம் எங்கடி இருக்கு? மழை பெஞ்சா தெருமுனையில நிக்குமே, அதுவா?"

"பக்கம் மாறிப்போச்சுங்க."

சொல்லும்போதே அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதினாலு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். எழுபது வயது ஆள்கூட "அக்கா, ரெண்டு காப்பி" என்றுதான் கேட்பார். நானூறு பக்கப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஒரு தாள் முன்னே பின்னே போகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. அப்படிப்பட்டவள், வெறும் ஆறு பக்க விண்ணப்பத்தில், அதுவும் சொந்த விண்ணப்பத்தில், கோட்டை விட்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் இதே நிதியை வாங்கிய ஒரு நீச்சல் கிளப்பின் செயலாளர், தன் விண்ணப்பத்தை இவள் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு பிரதி மங்கலாக வந்துவிட்டது, வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார். ஜெயித்த விண்ணப்பமாயிற்றே, நாலு நல்ல வார்த்தையாவது தேறும் என்று அக்கா அதை எடுத்து வைத்திருந்தாள். இந்த வருஷம் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன்னுடையதை டைப் அடித்தாள். நாலாம் பக்கத்தில் குழந்தைகளே தங்கள் பெயரை எழுத வேண்டும் என்று விதி. ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பேரும் கடைக்கு வந்து வரிசையில் நின்ற நேரம் பார்த்து, மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. இரண்டு விண்ணப்பமும் மேஜைமேல் அப்படியே கிடக்க, அரைமணி நேரம் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது மூக்கெல்லாம் கறுப்பு மை. அந்தக் கோபத்தில் தாள்களை எடுத்துத் தட்டி, பின் அடித்து, உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

இப்போது டிராயரைத் திறந்து கிளப்பின் விண்ணப்பத்தைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, அப்புறம் ‘ஓவியம் வரைதல், காகிதப் பூ செய்தல்.’ இவளுடைய மூன்றாம் பக்கம், சாவகாசமாக அங்கே உட்கார்ந்திருந்தது.

"அப்போ அவங்களோட மூணாம் பக்கம்?" என்றார் வீட்டுக்காரர்.

"நம்ம விண்ணப்பத்தோட போயிருச்சு."

"அதுல என்னென்ன எழுதியிருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்?"

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கலையா?"

ஊருக்கெல்லாம் அவள் சொல்லும் வாசகம் அது. அவள் பார்த்த பார்வையில், இரண்டாவது தடவை கேட்கும் பழக்கத்தை அவர் அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டார்.

கடைக்கு எதிரே மூன்று மாடிக் குடியிருப்பு. ஒற்றை அறை வீடுகள். அப்பா அம்மா இரண்டு பேரும் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் கவலை இல்லை. விடுமுறை வந்தால் குழந்தைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டு. வேறு வழி இல்லை, பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பகல் முழுக்க ஜன்னல் கம்பிகளில் குட்டிக் குட்டி முகங்கள் தெரியும்.

முதல் மாடியில் ஒரு ஒன்பது வயதுப் பெண். வாயாடி என்றால்தான் தெரு முழுக்கத் தெரியும்.

"அக்கா! மணி என்ன?" என்று மேலேயிருந்து கத்துவாள்.

"பத்தரை."

"இப்போ?"

"பத்து முப்பத்தொண்ணு. போய்ப் படுடி!"

போன விடுமுறை முழுக்க இப்படித்தான். ஒருநாள் வாயாடி மணி கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அக்கா இங்கிருந்து தானாகவே, "பன்னெண்டு ஆச்சு பாப்பா!" என்று கத்தியும் பதில் இல்லை. அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குழந்தைகளை ஆறு வாரமாவது அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விடவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள். நிதி வந்தால் சமுதாயக் கூடம் வாடகைக்குக் கிடைக்கும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், மதியச் சாப்பாடு. வராவிட்டால் மறுபடி பூட்டுதான்.

அதனால் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"செயல்பாட்ட மாத்தணுமா?" என்றார் குமாஸ்தா. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். "அப்படின்னா இந்த ஒப்புதல ரத்து பண்ணிடுவோம். அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பம் போடுங்க."

அடுத்த வருஷமா!

"ஐயய்யோ, மாத்தல்லாம் வேணாம் சார்! நீச்சல்தான். எங்களுக்கு நீச்சல்னா உசிரு. கடுதாசி கெடைச்சுதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சந்தோஷம். குளம் தயாரா இருக்கா?"

"எந்தக் குளம்?"

"உங்க குளம்தான். ‘எங்களுடைய சொந்தக் குளத்தில்’னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே."

"ஆங்... சொந்தக் குளம். ஆமா ஆமா." அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "அது இப்போ கொஞ்சம் ரிப்பேர்ல இருக்கு சார்."

"சரி, ரிப்பேர்னு குறிச்சுக்கிறேன். முடிஞ்சதும் எங்க அதிகாரி வந்து பாப்பாங்க."

போனை வைத்தாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவளிடம் குளம் இல்லை என்பது மட்டும்தான் பிரச்சினை. இப்போது இல்லாத குளத்தைப் பழுதுபார்த்தும் தரவேண்டும்.

"சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமே?" என்றார் வீட்டுக்காரர்.

தண்ணீர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரே ஆள்தான். அக்கா பிளம்பரைக் கூப்பிட்டு அனுப்பினாள். பெரிய உடம்பு, இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர்.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! சின்ன வயசுல நான் கிணத்துல குதிச்சா, மேல வர்றதுக்குள்ள ஆளுங்க தேட ஆரம்பிச்சிடுவாங்க."

"அது நீச்சலாண்ணே, முங்குறதாண்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. திரும்பி வந்துட்டேன்ல?"

வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் பூட்டுகள் காலி வீடுகளில் தொங்கியபடி இருக்க, குழந்தைகள் சமுதாயக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிளம்பர் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கு ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்தார்.

"கைய முன்னாடி நீட்டு! தண்ணிய அழுத்தித் தள்ளு, பிரஷர் பத்தல! ஏய், உன் கால் ரெண்டும் விரிஞ்சு கெடக்கு பாரு, லீக் ஆகுது, சேத்து வை!"

"மாமா, தண்ணி எங்க?" என்றாள் வாயாடி.

"வரும், வரும். முதல்ல லைன் போடணும். அப்புறம்தான் தண்ணி விடணும். எந்த வேலைக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

மூன்றாம் நாள் வாளிகள் வந்தன. முகத்தை முக்கி மூச்சை அடக்க வேண்டும். வாயாடி முப்பது எண்ணும் வரை வெளியே வரவில்லை. பேசாமல் அவள் அரை நிமிஷம் இருந்ததே இல்லை என்பதால் எல்லோரும் பயந்துபோய் இழுத்துப் போட்டார்கள். அவள் எழுந்து, "ஏன் எடுத்தீங்க? இன்னும் பத்து மிச்சம் இருந்துச்சு!" என்று சண்டைக்கு வந்தாள்.

அக்கா கடையை அரைமணி மூடிவிட்டு வந்து வாசலில் நின்று பார்ப்பாள். சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. யாரும் மணி கேட்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. இந்தப் பொய்யை எப்படியாவது ஆறு வாரம் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா கூப்பிட்டார். "மேடம், படம் இன்னும் வரலையே?"

"என்ன படம்?"

"‘முதல் வார முடிவில் குழந்தைகள் மிதக்கும் புகைப்படம் அனுப்பப்படும்’. மூணாம் பக்கம், ரெண்டாவது பத்தி."

அந்த நீச்சல் கிளப் செயலாளரை அவள் மனசுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்காரர் டிப்போவில் கழித்துக் கட்டிய நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பெரிய தார்ப்பாய், ஒரு பஸ்ஸையே மூடலாம். கூடத்தில் அதை விரித்து, சுருக்கம் போக இழுத்துப் பிடித்து, இருபத்திரண்டு பேரையும் மேலே மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பிளம்பர் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி முகங்களில் தெளித்தார். வீட்டுக்காரர் ஏணியில் ஏறி மேலேயிருந்து படம் பிடித்தார்.

"யாரும் சிரிக்காதீங்க! மிதக்கிற மாதிரி இருங்க!"

"மிதந்தா எப்படி இருக்கும்னு தெரியாதே!" என்றாள் வாயாடி.

"தூங்குற மாதிரி, ஆனா சந்தோஷமா!"

படம் பிரமாதமாக வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு நாள் கழித்து அதிகாரியே போன் செய்தார். கணீரென்ற பெண் குரல்.

"என்னம்மா படம்! தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு! எங்க ஆபீஸ் சுவர்ல பெருசா மாட்டியிருக்கோம். ரிப்பேர் இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருச்சா? வியாழக்கிழமை காலையில நான் வந்து பாக்கிறேன். முக்கியமா அந்த ஆழமான பகுதியப் பாக்கணும்."

"ஆழமான பகுதியா?"

"மூணாம் பக்கத்துல அதப் பத்தித்தானே நிறைய எழுதியிருக்கீங்க."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளம்பர்தான் தைரியம் சொன்னார். "குளம்னா என்னம்மா? தண்ணி வெளிய போகாம நிக்கணும், அவ்வளவுதானே? பதினெட்டு வருஷமா நான் செய்யிற வேலையே அதுதான்."

கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி முற்றத்தில் வேலை தொடங்கியது. சுற்றிலும் பலகை, பலகைக்கு முட்டுக் கொடுக்க செங்கல், உள்ளே அதே நீலத் தார்ப்பாய். ஒரு மூலையில் மட்டும் ஒரு முழம் தோண்டி, ‘ஆழமான பகுதி’ என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். மேல்தொட்டியிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் விட்டார்கள். வியாழன் காலை, தண்ணீர் பெரியவர்களின் முழங்கால் வரை நின்றது.

குழந்தைகள் ஓரமாக வரிசையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

"ஒரு சொட்டு வெளிய போகாது," என்றார் பிளம்பர், பலகையைத் தட்டிக்காட்டி. பலகை லேசாக ஆடியது. "அது காத்துல ஆடுது."

அதிகாரி வந்தார். கண்ணாடி, கையில் கோப்பு, முகத்தில் புன்னகை. முற்றத்துக்குள் கால் வைத்ததும் அந்தப் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

"இதுவா குளம்? படத்துல பெருசா இருந்துதே?"

"மேலேயிருந்து எடுத்த படம் மேடம்," என்றார் வீட்டுக்காரர்.

அதிகாரி குனிந்து, விரலைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பதற்காகப் பலகைமேல் கையை ஊன்றினார். எங்கோ ஒரு செங்கல் முனகியது.

"என்ன சத்தம் அது?"

"செட் ஆகுதுங்க மேடம்," என்றார் பிளம்பர்.

அடுத்த நொடி குளம் முழுவதும் முற்றத்துக்கு வந்துவிட்டது. பிளம்பர் பலகையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார். ‘ஆழமான பகுதி’ என்ற அட்டை மட்டும் மிதந்தது. அதிகாரியின் ஒரு செருப்பு வாசல்வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி போகுதுடா!" என்று அலறினாள் வாயாடி. "விடாதீங்க!"

பத்து நாளாகக் காத்திருந்த தண்ணீர். இருபத்திரண்டு பேரும் தொப் தொப்பென்று குப்புற விழுந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் கையை நீட்டி, அழுத்தித் தள்ளி, காலைச் சேர்த்து அடித்து, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுத்து, பெஞ்சில் கற்றது ஒன்றுவிடாமல் செய்தார்கள். ஓர் அங்குலம்கூட யாரும் நகரவில்லை. ஆனால் என்ன ஒழுங்கு, என்ன கும்மாளம்! தண்ணீர் வடிந்து தரை தெரிந்த பிறகும் நாலைந்து பேர் நிறுத்தவே இல்லை.

அதிகாரி ஒற்றைச் செருப்போடு நின்று அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பக்கம் மாறியது, ரிப்பேர் என்றது, தார்ப்பாயில் படுக்க வைத்தது, ஜன்னல் கம்பி, வெளிப்பூட்டு, எல்லாம். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றார் அதிகாரி, "குளம் இல்லன்னு முதல் நாளே சொல்லியிருந்தா என்ன? செயல்பாட்டத்தான் மாத்தக் கூடாது. இடத்த தாராளமா மாத்தலாம். மைதானத்துக்குப் பக்கத்துல பெரிய நீச்சல் குளம் காலையில சும்மாதான் கெடக்கு, பயிற்சியாளரோட. ஒரு கடிதம் போதும்."

அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். பிளம்பர் எழுந்து, "பயிற்சியாளரோடவா?" என்றார். அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆனா ஒண்ணு." அதிகாரி நனைந்த கோப்பைத் திறந்து ஐந்தாம் பக்கத்தை எடுத்தார். "மத்ததெல்லாம் அசட்டுத்தனம், எச்சரிக்கை எழுதிட்டு விட்டுடலாம். இது அப்படி இல்ல. ‘இந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் குழந்தைகளின் விருப்பம் கேட்கப்பட்டதா?’ ‘ஆம்’னு குறிச்சிருக்கீங்க. எங்க முதல் விதியே இதுதான். பெரியவங்களா ஒண்ண முடிவு பண்ணிக் குழந்தைங்க தலையில கட்டுற திட்டத்துக்கு நாங்க நிதி தர்றதே இல்ல. இது நிஜம்தானே?"

ஒரே வார்த்தை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதிகாரிக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர், சொல்லேன் சொல்லேன் என்று தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் சொட்டச் சொட்ட அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்தக் குழந்தைகள் முன்னால் இன்னொரு பொய் அவளுக்கு வாயில் வரவில்லை.

"இல்லைங்க மேடம். ஒருத்தரையும் கேக்கல. ஓவியம்னு நானாத்தான் முடிவு பண்ணினேன். நீச்சல் வந்ததுகூட நான் பக்கத்த மாத்திப் பின் அடிச்சதாலதான்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். பேனாவை மூடினார். எதிர்க் குடியிருப்பில் ஆடிக்கொண்டிருந்த பூட்டுகள்தான் அக்காவின் கண்ணுக்குள் வந்தன.

பாவாடையைப் பிழிந்துகொண்டே வாயாடி முன்னால் வந்தாள்.

"அக்கா எங்கள கேக்கலதான் மேடம். அதனாலதான் பேர் எழுத வந்த அன்னிக்கு நாங்களே ரெண்டு மூணாம் பக்கத்தையும் படிச்சுப் பாத்து, இருபத்திரண்டு பேரும் கை தூக்கி ஓட்டுப் போட்டு, பக்கத்த மாத்தி வச்சோம்."